பெரிய பைக் ஆசையில் 375,000 ரூபாய் போனது: மட்டக்களப்பிலிருந்து ஓர் எச்சரிக்கை

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 375,000 ரூபாய். இருபது மாதம் கட்டி எடுத்த சீட்டுக்காசு. அது போய் இன்றைக்கு முப்பத்தெட்டு நாள். இத்தனை நாளும் வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. நேற்று இரவு அந்தக் கடையின் புது விளம்பரம் கண்ணில் பட்டது, அதோடு நித்திரையும் போனது. விடிய நாலு மணிக்கு எழும்பி இதை எழுதுகிறேன். பெரிய மோட்டார் சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விபரமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வழக்கு கிழக்கு என்று வந்து நிற்பார்கள் என்று மகன் பயப்படுகிறான். கொழும்புக்கு வெளியே, பாவித்த பெரிய பைக்குகளை விற்கிற ஒரு கடை. இணையத்தில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிற வகை. அவ்வளவு போதும்.

எனக்கு வயது 53. உயரம் ஐந்தடி நாலங்குலம். வீடு நாவற்குடாவில், கடற்கரைப் பக்கம், மணல் ஒழுங்கை. பதினொரு வருடமாக ஒரே பல்சர் 150. அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் செங்கலடியைத் தாண்டினாலே பின்னால் இருக்கிற மனைவிக்கு இடுப்புப் பிடித்துவிடும். பென்சன் எடுக்க முதல் அவளை ஏற்றிக்கொண்டு ஏ4 வீதியில் பொத்துவில் வரைக்கும் ஒரு தரம், வாகரை, திருகோணமலை வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஒரு தரம் போய்வர வேண்டும். ஆசை இவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் வந்தது. ஹொண்டா எஸ்டி 1100, பான் யூரோப்பியன். 1990 முதல் 2002 வரை செய்த தூரப்பயண வண்டி. 1084 சிசி, நாலு சிலிண்டர், செயின் கிடையாது, பின் சக்கரத்தைச் சுழற்றுவது ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு. டாங்கியில் 28 லீற்றர் பெற்றோல் கொள்ளும். முன்னால் காற்று மறைக்கிற கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற பெட்டி, இரண்டு பேர் சோபாவில் இருக்கிற மாதிரி ஆசனம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின நாளிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறினது ஏறினதுதான். 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இந்த வண்டிக்குச் சொன்ன விலை அந்தக் கணக்கில் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது.

கடைக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். ஒரு பொடியன், நல்ல பணிவான குரல். விலையைச் சொல்ல முதல் அவன் கேட்டது இதுதான்: “அண்ணன், உங்கட உயரம் என்ன?”

இந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. விற்கிறவன் எவன் வாங்குகிறவனின் உயரத்தை விசாரிப்பான்? ஆளைப் பார்த்து வண்டி கொடுக்கிற கடை என்று நினைத்தேன். சொன்னேன். “இப்ப என்ன ஓடுறீங்க?” பல்சர் என்றேன். உடனே கணக்குப் போட்டான். “பல்சர் சீற் உயரம் 785 மில்லிமீற்றர். இது 800. வெறும் பதினைஞ்சு அண்ணன். உங்கட செருப்பு அடி அவ்வளவு தடிப்பு இருக்கும். லைசன்ஸ்ல ஏ இருக்குத்தானே? 100 சிசிக்கு மேல எல்லாம் நீங்க ஓடலாம். சட்டப்படி றெடி, உடம்புப்படியும் றெடி.”

இரண்டு எண்ணும் உண்மை. இணையத்தில் தேடியும் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. பொய் சொல்லாமல் ஏமாற்றுகிறவனை நான் அதுவரை கண்டதில்லை. பல்சரின் ஆசனம் ஒடுக்கம், கால் நேரே கீழே இறங்கும். அந்த வண்டியின் ஆசனமோ நடுவிலேயே அகலம். கால் வெளியே விரிந்துதான் தரைக்குப் போக வேண்டும். எழுதிவைத்த பதினைந்து மில்லிமீற்றர் என் காலில் இரண்டங்குலத்துக்கு மேல் வந்தது. இதை எந்த விபரத்தாளும் சொல்லாது.

உதயதேவி ரயிலில் ஏறிப் போனேன். கடையில் வண்டியைத் துடைத்து வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். மினுக்கின சீமெந்துத் தரை. பெட்டிகளைக் கழற்றி ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். டாங்கியில் சொட்டுப் பெற்றோல்தான் இருந்தது. இதெல்லாம் இப்போது தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை. “ஏறி இருங்க அண்ணன்” என்றான். ஏறினேன். இரண்டு குதிக்காலும் முழுதாகப் படவில்லை, ஆனாலும் வண்டி பாறை மாதிரி நின்றது. ஆடவே இல்லை. “பாத்தீங்களா, எவ்வளவு பெலன்ஸ்? பாரம் எல்லாம் கீழதான் அண்ணன், பெற்றோல் டாங்கியே சீற்றுக்குக் கீழதான் கிடக்கு” என்றான். அதுவும் உண்மை. கைத்தொலைபேசியில் நாலைந்து படம் எடுத்து எனக்கு அனுப்பினான். நான் மனைவிக்கு அனுப்பினேன். அவள் பதிலுக்கு, “இஞ்ச பாருங்க, நீங்க சின்னப்பிள்ள மாதிரி சிரிக்கிறீங்க” என்று எழுதினாள்.

அங்கேயே 375,000 கட்டினேன். பேச்சு இப்படி: பதினைந்து நாள் வீட்டில் வைத்து ஓடிப் பார்க்கலாம். பிடித்தால் மிச்சக் காசு, பெயர் மாற்றம். பிடிக்காவிட்டால் லொறிக்கூலியை மட்டும் கழித்து 375,000-ஐயும் திருப்பித் தருவார்கள். குரல் பதிவாகவும் அனுப்பி வைத்தான். “எங்களுக்கு வண்டி விக்கிறது முக்கியம் இல்ல அண்ணன், ஆளுக்குப் பொருந்தணும்.” இந்த வசனத்தை நான் மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினேன். மச்சான் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்தான்.

வண்டி லொறியில் வந்து இறங்கியது. முதல் நாளே ஒழுங்கை மணலில் பக்க ஸ்டாண்ட் புதைந்து, தகரவேலியில் போய்ச் சாய்ந்தது. பல்சருக்குச் செய்கிற மாதிரி ஒரு சிரட்டையைக் கவிழ்த்து ஸ்டாண்டுக்குக் கீழே வைத்தேன். நொறுங்கிப் போனது. பலகைத் துண்டு வைத்தேன். எண்ணெய், பெற்றோல் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டுகிற சாமான். பல்சர் 150 கிலோவும் இல்லை. முற்றத்தில் இருந்து பின்னுக்குத் தள்ளி எடுக்க நானும் மகனும் பக்கத்து வீட்டுப் பொடியனும் தேவைப்பட்டோம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் விடியற்காலையில் தனியாக வாகரைப் பக்கம் போனேன். ஓட்டமாவடிப் பாலம் கழிந்து, பனிச்சங்கேணி தாண்டி, வெறும் வீதி. அடடா. வாவியில் காற்று இல்லாத நேரம் தோணி போகிற மாதிரி. ஓடத் தொடங்கினால் அந்த 300 கிலோவும் எங்கே போகிறதென்றே தெரியாது. வண்டியில் ஒரு பிழையும் இல்லை, அது அருமையான வண்டி. பிழை நிற்கும்போதுதான். பெரிய பைக் ஆளுக்குப் பொருந்துமா என்பது எண்பதில் போகும்போது தெரியாது, பூச்சியத்தில் நிற்கும்போதுதான் தெரியும். ஐரோப்பிய நெடுஞ்சாலைக்குச் செய்த வண்டி, மணிக்கணக்காக நிற்காமல் ஓடுவதற்கு. நமது நாட்டில் அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற விடவே மாட்டார்கள். நமக்கு வாய்த்தது மாடு, ஓட்டோ, பாடசாலை விடுகிற நேரம், அம்பிளாந்துறைக்குப் போனால் பாதையில், அதுதான் வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றி இறக்குகிற சரிவு. கச்சான் காற்று அடிக்கிற மாதம் வேறு. நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடு முழங்காலில் இருந்து ஏறும்.

மூன்றாம் நாள் மனைவியோடு காத்தான்குடிச் சந்தி. டாங்கி முட்டப் பெற்றோல், அதுவே இருபது கிலோ. பெட்டி இரண்டும் பூட்டியிருந்தேன். முன்னால் போன ஓட்டோ சட்டென்று நின்றது. நானும் பிரேக் பிடித்தேன், ஹாண்டில் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. இடது காலை ஊன்றினேன். தார் முடிந்து மண் தொடங்குகிற இடம், ஓரங்குலப் பள்ளம். பெருவிரல் நுனிதான் பட்டது. அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. மெல்லமாக, யானை படுக்கிற மாதிரிப் படுத்தது. மனைவிக்கு முழங்கை உரஞ்சல், வேறொன்றும் இல்லை, கடவுள் காப்பாற்றினார். நாலு பொடியன்மார் ஓடிவந்து தூக்கினார்கள். ஒரு வயதான காக்கா, முஸ்லிம் பெரியவர், கடையிலிருந்து சோடாப் போத்தலோடு வந்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, வண்டியை ஒருக்கால், என் காலை ஒருக்கால் பார்த்தார். “தம்பி, இது உங்கட அளவுச் சாமான் இல்ல வாப்பா.” காசு வாங்காமல் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

சேதம்: இடப்பக்கக் கண்ணாடி, பெட்டியில் ஒரு கீறல். என் பிழை, அதற்குக் காசு கொடுக்க நான் மறுக்கவே இல்லை. அன்றைக்கே கடைக்குப் போன் எடுத்தேன்.

“பழகினாச் சரிவரும் அண்ணன், ஒரு மாசம் ஓடுங்க” என்றான். இல்லை, திருப்பி அனுப்புகிறேன் என்றேன். “முதலாளியிட்டக் கேட்டுச் சொல்றன்.” நாலு நாள் சத்தமில்லை. நானே லொறி பிடித்து, 45,000 கொடுத்து, பதினோராம் நாள் கொண்டுபோய் இறக்கினேன். இறக்கி எடுத்துக்கொண்டார்கள், சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். காசு? “கணக்குப் பார்த்து அனுப்புறம்.”

மறுகா தொடங்கியது கூத்து. முதலாளி வெளிநாடு. முதலாளிக்குக் காய்ச்சல். வங்கி மூடிவிட்டது. போயா தினம். ஒரு பிள்ளை எடுத்து “நீங்க எந்த சேர்?” என்று கேட்டது. மட்டக்களப்பு என்றேன். “மட்டக்களப்புல எந்த சேர்?” அப்படியென்றால் எங்களைப் போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கடைசியில் அந்தப் பொடியன் எடுத்தான். காசு கட்டும்வரை அண்ணன், லொறி வந்த அன்றைக்கு சேர், இப்போது வெறும் ‘நீங்க’. “விழுத்தின வண்டிக்குக் காசு திருப்ப ஏலாது. துண்டுக்குப் பின்னால பாருங்க.” பார்த்தேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில், ஆங்கிலத்தில், முற்பணம் எந்தக் காரணத்துக்கும் மீளளிக்கப்படாது என்று இருந்தது. சரி, கண்ணாடியும் கீறலும் திருத்த எவ்வளவு, அதைக் கழித்துத் தா என்றேன். அந்தக் கணக்கு இன்றுவரை வரவில்லை. கண்ணாடி ஒன்றும் கீறல் ஒன்றும் 375,000 ரூபாயா?

குரல் பதிவைத் தேடினேன். இல்லை. ஏழு நாளில் செய்திகள் தானாக அழிகிற மாதிரி அவன் முதல் நாளே போட்டு வைத்திருக்கிறான். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பொலிஸில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கொடுக்கல் வாங்கல் விடயம், மத்தியஸ்த சபைக்குப் போங்கள், அதுவும் அவர்கள் இருக்கிற பிரதேசத்துச் சபைக்கு என்றார்கள். ஒவ்வொரு தவணைக்கும் நான் முந்நூறு கிலோமீற்றர் போக வேண்டும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

விபரமாகச் சொல்கிறேன் என்றேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். உயரத்தைச் சொல்லாதீர்கள், கவட்டிலிருந்து குதிக்கால் வரை அளந்து, உங்கள் காலணியோடு ஏறிப் பாருங்கள். டாங்கி நிரப்பி, பெட்டி பூட்டி, ஒருவரும் பிடிக்காமல். கிறவல் தரையில் தனியாகப் பத்தடி பின்னுக்குத் தள்ளுங்கள், முடியாவிட்டால் அப்படியே திரும்பி வாருங்கள். வாய்ப்பேச்சுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள், துண்டின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, இலக்கம் 1977, முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள். நான் இன்றைக்குப் பதிவுத்தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று இரவு கண்ட விளம்பரம்: அதே வண்டி, புதுக் கண்ணாடி. “உயரம் குறைந்தவர்களுக்கும் ஏற்றது” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வண்டியில் ஓர் ஆள் இருக்கிறார், தலையை வெட்டிவிட்டார்கள். நீலக்கட்டம் போட்ட சட்டை. என் சட்டை. பெரிதாக்கிப் பார்த்தேன். பின் ஆசனத்துக்குப் பின்னால் உள்ள கம்பியில் நாலு விரல் தெரிகிறது. எனக்குப் பின்னால் குனிந்து நின்று வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த கடைப் பொடியனின் விரல். விலையில் 25,000 கூட்டியிருக்கிறார்கள்.