பினாங்கு வீதியா, ஆம்ஸ்டர்டாம் மியூசியமா?

ஓவியம் பழக சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு இதே குழப்பம்தான்.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியம். முக்கால்வாசிப் பேர் இருட்டில் நிற்க, மஞ்சள் உடைச் சிறுமி மேல் வெளிச்சம் கொட்டுகிறது. படத்தில் எதை இருட்டில் மறைக்கலாம் என்று அங்கேதான் கற்றேன். விமானச் செலவுதான் கையைக் கடிக்கும்.

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரம் வேறு மாதிரி. கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீட்டு நிழலில் ஒரு ஸ்டூல், பக்கத்தில் தே தாரிக் எனும் ஆற்றிய பால் டீ, மடியில் படம் வரையும் நோட்டு. ஈரக்காற்றில் வாட்டர்கலர் லேசில் காயாது. அவசரப்பட்டு அடுத்த வண்ணம் வைத்தேன். நீலச் சுவர் வானத்தோடு கலந்துவிட்டது. நோட்டிலேயே அந்தப் பக்கம்தான் எனக்குப் பிடிக்கும்!

அதனால் முதலில் பினாங்கு. அப்புறம் காசு சேரும்வரை, 2015இல் திறந்த நம் சிங்கப்பூர் நேஷனல் கேலரி ஓவியக்கூடம் சிட்டி ஹால் பக்கமே இருக்கிறதே.