பித் கட்டியா, தொட்டிக்கரியா, பாக்கு மட்டைத் தட்டா?

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கம் கையில் கொஞ்சம் பணமும் சும்மா கிடக்கும் ஒரு ஏக்கர் காடும் வைத்திருப்பவரிடம் மூன்று யோசனைகள் மாறி மாறி வந்து சேரும். தேங்காய் மட்டையில் நார் எடுக்கும்போது உதிரும் பித்தை, அதாவது நார்த் தூளை, கட்டியாக அழுத்தி விற்பது ஒன்று. தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, கரியாக்குவது இன்னொன்று. பாக்கு மட்டையில் தட்டு போடுவது மூன்றாவது. எதைச் சொல்ல வந்தவரும் "மூலப்பொருள் கழிவுதானுங்க, சும்மாவே கிடைக்கும்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

அதை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். நார் மில்களுக்குப் பின்னால் பித் குவியல் குவியலாகக் கிடந்து, யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றிருந்த காலம் உண்டு. இப்போது லோடுக்கு விலை பேசுகிறார்கள். தொட்டி விலை தேங்காயோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2025-ல் தேங்காய் எகிறியபோது தொட்டியும் கூடவே எகிறியது. பாக்கு மட்டைக்கும் தரம் பார்த்து, எண்ணிக் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஒரு கழிவுக்கு நாலு பேர் போட்டி போட ஆரம்பித்தால் அதற்கு விலை வந்துவிடும். அதனால் மூன்றையும் ஒப்பிட நான் பார்ப்பது வேறு: எவ்வளவு தண்ணீர் கேட்கும், எவ்வளவு அழுக்கைத் தள்ளும், சரக்கை யார் வாங்குவார்.

பித்திலிருந்து தொடங்குவோம். மட்டையை உடைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நார், மற்றதெல்லாம் பித். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பதுதான் அதன் மதிப்பு. 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 70 லிட்டருக்கு மேல் உப்பி வரும். ஐரோப்பாவில் செடி வளர்க்கச் சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுக்கும் பீட்டுக்கு மாற்று தேடுவதாலும், பசுமைக்குடில் விவசாயம் பெருகுவதாலும் நெதர்லாந்து, தென்கொரியா, சீனா, அமெரிக்கா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் உப்பில் இருக்கிறது. மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. கடலோரத்தில் உப்புநீரில் ஊறவைத்த மட்டையென்றால் இன்னும் கூடும். நம் பக்கம் அப்படி ஊறவைக்காமல் இயந்திரத்தில் உடைப்பது ஒரு வசதி. ஆனாலும் வாங்குபவர் ஈ.சி. அளவு, அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தல் அளவு, 0.5-க்குள் இருக்கவேண்டும் என்பார். அதற்குப் பித்தை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசவேண்டும். இன்னும் கறாரான வாடிக்கையாளர் என்றால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றித் தரச் சொல்வார். அலசிய பழுப்புத் தண்ணீர் எங்கே போகிறது? பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு. பொள்ளாச்சி வட்டாரத்தில் பல கிராமங்களில் சண்டை வந்தது இதனால்தான். 2021-ல் மாசு கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை மாசு குறைந்த வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது மில்காரர்கள் கொதித்தார்கள். சின்ன மில்களுக்குச் சுமை என்பது உண்மைதான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அப்புறம் வெயில். அலசிய பித் காய்ந்தால்தான் கட்டி போடமுடியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் சாரல் ஒரு பக்கம், ஐப்பசி மழை இன்னொரு பக்கம் என்று களம் பல வாரம் சும்மா கிடக்கும். களம் சிமெண்டில் இருக்கவேண்டும். மண் தரையில் காயப்போட்டால் களை விதையும் மணலும் கலந்து கண்டெய்னரே திரும்பி வரக்கூடும். இடம், களம், பிரஸ், தண்ணீர் என்று பார்த்தால் மூன்றில் அதிக முதலீடு கேட்பது இதுதான்.

முதலீடு குறைவாக இருக்கிறவருக்குப் பித்திலேயே ஒரு பக்கவழி உண்டு: உரமாக்குவது. புளூரோட்டஸ் என்ற சிப்பிக்காளான் வகையும் யூரியாவும் போட்டு மட்கவைக்கும் முறை பழையது. கயிறு வாரியமே 'பித்பிளஸ்' என்ற பெயரில் காளான் வித்து தருகிறது. லாபம் மெல்லத்தான் வரும். ஆனால் ஏற்றுமதிக்காரர் தயவு தேவையில்லை, உள்ளூர்த் தோட்டக்காரரும் நர்சரிக்காரரும் வாங்குவார்கள்.

தொட்டிக்கரி இதற்கு நேர் எதிர். குழியோ டிரம்மோ போதும், கற்றுக்கொள்ளவும் அதிக நாள் ஆகாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களங்கள் நிறைய என்பதால் தொட்டி பக்கத்திலேயே கிடைக்கும். காற்றைக் குறைத்து மூட்டம் போட்டால் மூன்று டன்னுக்கு மேல் தொட்டி எரிந்து ஒரு டன் கரி மிஞ்சும். மிச்ச எடையெல்லாம் புகையாகவும் தாராகவும் போகிறது. அதுதான் ஊர்க்காரர்கள் மனு கொடுப்பதற்குக் காரணம். கரியைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் இடத்தில் நிலத்தடி நீரும் கெடுகிறது.

எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது வேறு. கரியின் உண்மையான மதிப்பு, அதை 900 டிகிரி அளவில் நீராவி பாய்ச்சி ஆக்டிவேட்டட் கார்பனாக மாற்றும்போதுதான் வருகிறது. தண்ணீர் வடிகட்டியிலும் தங்கம் பிரிப்பதிலும் போவது அந்தச் சரக்குதான். அந்தப் பெரிய ஆலை வைக்க நம்மால் முடியாது. சின்னக் கரிக்காரர் அவர்களுக்குத் தீனி போடுகிறவர் மட்டும். ஈரம், மணல் என்று எடையில் பிடித்தம் போக அவர்கள் சொல்வதே விலை. புகையைப் பிடித்து எரிக்கும் மூடிய உலை வைத்துக்கொள்ள வசதியிருந்தால் யோசிக்கலாம்; குழிக்கரி வேண்டவே வேண்டாம். அதைவிடத் தொட்டியை எரிக்காமல் பொடியாக அரைத்து விற்கலாம். கொசுவத்தி, பிளைவுட் பசை என்று அதற்கு ஆள் உண்டு. புகை இல்லை, தூசிக்கு மட்டும் ஏற்பாடு வேண்டும்.

பாக்கு மட்டைத் தட்டில் அழுக்கே கிடையாது. கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. வீட்டுப் பக்கத்து ஷெட்டில் இரண்டு பேர் ஓட்டலாம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது ஊருக்கு ஊர் இயந்திரம் இறங்கியது. "மிஷின் வாங்குங்க, தட்டை நாங்களே எடுத்துக்கறோம்" என்ற வாக்கை நம்பி வாங்கியவர்களில் பலருக்கு அந்த ஆள் அப்புறம் போனே எடுக்கவில்லை. வெளிநாட்டுக் கதவும் இறுகிவிட்டது. மட்டையில் இயற்கையாக உள்ள ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரித்தது. ஏற்றுமதியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது பலத்த அடி. உள்ளூரில் கல்யாண மண்டபம், கேட்டரிங்காரர் உண்டு. ஆனால் விலையில் வாழை இலையோடும் கரும்புச் சக்கைத் தட்டோடும் மோதவேண்டும். மழைக்காலத்துக்கான மட்டையைக் கோடையிலேயே வாங்கிக் காயவைத்து அடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

என்னைக் கேட்டால், தண்ணீரும் களமும் சொந்தமாக இருந்து, அலசிய நீரைத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தேக்கி மறுபடி பயன்படுத்தத் தயார் என்றால் பித் கட்டி. அவ்வளவு பணம் இல்லையென்றால் பித் உரம், இல்லாவிட்டால் தொட்டிப் பொடி. தட்டு, ஏற்கெனவே கேட்டரிங்காரர்களைத் தெரிந்தவருக்கு மட்டும், அதுவும் பக்கத்தொழிலாக. கரி கடைசி.

கிராமத்தில் தொடங்கினால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் 25 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு என்று சொல்லித்தான் பல இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. மானியம் இயந்திரத்தின் விலையைத்தான் குறைக்கும். இயந்திரக்காரருக்கு முன்பணம் கொடுக்குமுன், பத்துக் கிலோ சரக்கை வேறொருவர் யூனிட்டில் கூலிக்குப் போட்டு வாங்கி, வாங்கப்போகிறவரிடம் மாதிரியாகக் கொடுத்து, அவர் சொல்லும் ஈ.சி. கணக்கையோ ஈரக் கணக்கையோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.