மாதாமாதம் டிவிடெண்டு வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம் முதலில் தரகு எவ்வளவு என்று கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்து, அவர்கள் பெயரில் பழைய பங்குகளும் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, நடந்தது இது. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஆள் ஓடிப்போன கதை இல்லை. அலுவலகம் அதே தெருவில்தான் இருக்கிறது, ஏசி ஓடுகிறது, வாசலில் போர்டும் தொங்குகிறது. காகிதப்படி பார்த்தால் ஒரு ரூபாய்கூடத் திருடு போகவில்லை. இருந்தும் பல வருடமாகச் சேர்த்த பங்குகளில் பாதிக்குமேல் இப்போது அப்பச்சியிடம் இல்லை.

அந்த ஆள் அறிமுகமானது பக்கத்து ஊரில் ஒரு அறுபதாம் கல்யாணச் சாந்தியில். எந்த ஊர், எந்தக் கோயில், என்ன விலாசம் (பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல்) என்று நம் பக்கத்தில் விசாரிப்பார்களே, அந்த மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். அதோடு விசாரணை முடிந்துவிட்டது. பெண் கொடுக்கிறதற்கு அந்த விசாரணை சரி, பணம் கொடுக்கிறதற்கு அது போதுமா என்று யாரும் யோசிக்கிறதில்லை. விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘வெல்த் அட்வைசர்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

முதலில் அவர் செய்துகொடுத்த வேலை நல்ல வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் ஐயா (தாத்தா) காலத்துப் பங்குப் பத்திரங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பங்குகளை அப்படியே கைமாற்ற முடியாது, டீமேட்டுக்கு, அதாவது மின்னணுக் கணக்குக்கு, மாற்றியாக வேண்டும். எங்கள் விலாசமோ நாலெழுத்து. ஒரு கம்பெனிப் பத்திரத்தில் நாலும் இருக்கிறது, இன்னொன்றில் இரண்டுதான், மூன்றாவதில் எழுத்துகள் இடம் மாறி இருக்கின்றன. ஆதாரில் வேறு மாதிரி, பான் கார்டில் வேறு மாதிரி. கையெழுத்து நாற்பது வருடத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. அஃபிடவிட், வங்கி மேலாளரின் கையெழுத்துச் சான்று என்று அலைந்து, எல்லாவற்றையும் டீமேட்டில் ஏற்றிக்கொடுத்தார். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்டு (கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பணம்) வாங்காமல் விட்டதால் ஐஇபிஎஃப் என்கிற அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருந்த சில பங்குகளையும் படிவம் ஐஇபிஎஃப்-5 போட்டு மீட்டுத் தந்தார். அதற்கு வாங்கிய கூலியும் நியாயமான கூலிதான். அப்பச்சிக்கு அந்த ஆள்மேல் நம்பிக்கை வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இந்த வேலைக்காகக் கணக்குத் திறந்தது அவர் வழியாகத்தான். பங்குகள் எல்லாம் அந்தக் கணக்கில் வந்து உட்கார்ந்ததும் அடுத்த பேச்சு ஆரம்பமானது.

“அண்ணே, இவ்வளவு பங்கும் சும்மா தூங்குது. வருசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை டிவிடெண்டு வருது. நீங்க சரின்னு சொன்னா மாசாமாசம் வர்ற மாதிரி போர்ட்ஃபோலியோவை மாத்தித் தர்றேன். ஆச்சிக்கு மருந்துச் செலவு, வீட்டு மராமத்து எல்லாம் அதுலயே ஓடிரும்.”

வீட்டு மராமத்து என்று சொன்னதும் அப்பச்சி விழுந்துவிட்டார். பங்காளிகள் நாலு பேரில் ஒருத்தர் சிங்கப்பூரில், ஒருத்தர் பெங்களூரில். மழைக்கு முன்னால் வளவில் ஓடு மாற்றுகிற செலவு வருடா வருடம் இவர் தலையில்தான் விடியும். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, “உங்ககிட்ட ஃபீஸா? ஆலோசனைக்கெல்லாம் காசு வாங்குறதில்லண்ணே” என்றாராம்.

இலவசம் என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் ஆலோசகரே இல்லை. சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் ‘ஆதரைஸ்டு பெர்சன்’. முன்பெல்லாம் சப்-புரோக்கர் என்பார்கள். வாடிக்கையாளர் வாங்கினாலும் விற்றாலும் தரகில் அவருக்குப் பங்கு உண்டு. வாங்கிய பங்கை அசையாமல் வைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடையாது. முப்பது வருடமாக ஒரே பங்கை வைத்திருக்கும் அப்பச்சி மாதிரி ஆள் அவருக்கு நஷ்டக் கணக்கு.

அப்புறம் ஆரம்பித்தது டிவிடெண்டு வேட்டை. எந்தக் கம்பெனி எப்போது டிவிடெண்டு அறிவித்திருக்கிறது என்று பார்த்து, அந்தத் தேதிக்கு முன்னால் வாங்குவது, கணக்கில் பெயர் ஏறியதும் விற்றுவிட்டு அடுத்த கம்பெனிக்குத் தாவுவது. அப்பச்சி தினமும் காலையில் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது பக்கத்தில் போன் இருக்கும். வங்கியிலிருந்து மெசேஜ் வரும்: 4,200 வரவு, 6,750 வரவு, 2,900 வரவு. ஒவ்வொன்றையும் கறுப்பு அட்டை டைரியில் தேதி போட்டு, கம்பெனி பெயர் போட்டு எழுதிவைப்பார். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு ஆத்தாவிடம் காட்டுவார். அந்த டைரியை நான் பார்த்தேன். கூட்டலில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அதில் வரவுப் பக்கம் மட்டும்தான் இருந்தது. பற்றுப் பக்கம் அவர் பார்க்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கணக்குத் திறக்கும்போது அந்த அலுவலகத்துப் பையனே உருவாக்கிக் கொடுத்த முகவரி அது. பாஸ்வேர்டும் அவனிடம்தான்.

டிவிடெண்டு என்பது மேலே இருந்து விழும் காசு இல்லை, கம்பெனியின் கையில் இருந்த பணம்தான் வெளியே வருகிறது. அதனால் எக்ஸ் தேதி அன்று (அன்றைக்கு வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்டு கிடைக்காது) பங்கின் விலை ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்துதான் தொடங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 ரூபாய்ப் பங்கு, 20 ரூபாய் டிவிடெண்டு. முந்தின நாள் 500 பங்கு வாங்குகிறோம், 2,00,000 ரூபாய். டிவிடெண்டாக 10,000 வரும். மற்றபடி சந்தை அசையாமல் இருந்தால் பங்கின் விலை 380 ஆகும், விற்றால் 1,90,000. வந்த பத்தாயிரமும் போன பத்தாயிரமும் சரியாகப் போச்சு. இனிமேல்தான் செலவு. அரை சதவீதத் தரகு என்றால் வாங்கும்போது 1,000, விற்கும்போது 950. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 351. பரிவர்த்தனை வரி இரண்டு பக்கமும் சேர்த்து 390. முத்திரைத் தீர்வை 30. ஆக 2,721 ரூபாய், இதர சில்லறைக் கட்டணங்கள் தனி.

இத்தோடு முடியவில்லை. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டு முழுவதும் வாங்குகிறவரின் வருமானத்தில் சேர்ந்து அவருடைய வரி விகிதப்படி வரிக்கு உட்படும். 20 சதவீத அடுக்கில் இருந்தால் அந்தப் பத்தாயிரத்துக்கு 2,000 போகும். விலை இறங்கி விற்றதில் வந்த 10,000 நஷ்டத்தை இந்த டிவிடெண்டு வருமானத்தில் கழிக்க முடியாது. அது குறுகிய கால மூலதன நஷ்டம், வேறு மூலதன லாபம் இருந்தால்தான் உதவும். ஆக, பத்தாயிரம் வந்தது என்று டைரியில் எழுதிய ஒவ்வொரு தடவையும் கையிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது. இதை மாதத்தில் பல தடவை செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஐயா காலத்துப் பங்குகளை விற்றுத்தான். எண்பதுகளில் வாங்கி, போனஸ் மேல் போனஸாக வளர்ந்த பங்குகள். அவற்றை விற்றதில் நீண்ட கால லாபம் பெரிய தொகையாக வந்தது. 2018 ஜனவரி 31 அன்றைய விலையை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளும் சலுகை இருந்தும், வருடத்துக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி வந்தது. ஆடிட்டர் வரித்தொகையைச் சொன்னபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. “மாசாமாசம் வந்துக்கிட்டுத்தானே இருக்கு, வரி எதுக்கு இவ்வளவு?” என்று அப்பச்சி கேட்டார். அதுவரைக்கும் தன் பங்குகள் விற்கப்பட்டதையே அவர் விற்றதாக நினைக்கவில்லை. ‘மாற்றியிருக்கிறார்கள்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் சென்னையிலிருந்து வந்து, தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் கடவுச்சொல்லை மாற்றி லெட்ஜரை இறக்கினேன். தரகு மட்டுமே மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. வாங்கி விற்றதில் ஆன நஷ்டம் அதைவிட அதிகம்.

நேரே போய்க் கேட்டதற்கு அந்த ஆள் கொஞ்சமும் பதறவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். “அண்ணே, நாளைக்கு இதுல முந்நூறு வாங்குறோம், அந்தப் பழையதுல நூறு குடுத்துர்றோம், சரியாண்ணே?” அப்பச்சியின் குரல்: “சரி, சரி, போடுப்பா.” இன்னொன்று போட்டார். அதிலும் “சரி.” வாடிக்கையாளர் சொல்லித்தான் ஆர்டர் போட்டோம் என்பதற்குத் தரகர் ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று 2018-இல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி சொல்லியிருக்கிறது. முதலீட்டாளரைக் காப்பாற்ற வந்த விதி. அந்த விதியை வைத்துத்தான் இவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். பெரியவர்கள் போனை எடுத்ததும் மரியாதைக்குச் சொல்லும் “சரிப்பா” ஒவ்வொன்றும் அங்கே சம்மதமாகப் பதிவாகிறது. உங்கள் வீட்டிலும் அப்படிப் போன் வந்தால், “யோசிச்சுட்டு நானே கூப்பிடுறேன்” என்று சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.

முதலில் தரகு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு எழுதினோம். ஆதரைஸ்டு பெர்சன் செய்கிறதற்குத் தரகு நிறுவனம்தான் பொறுப்பு, “அவர் தனி ஆள்” என்று தட்டிக்கழிக்க முடியாது. முதல் பதிலில் அப்படித்தான் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள். பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிந்தோம். 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு இருப்பதால் பதில் மட்டும் ஒழுங்காக வந்தது: எல்லா ஆர்டருக்கும் ஒலிப்பதிவு இருக்கிறது, குற்றம் ஒன்றும் இல்லை. அடுத்து, இணையம் வழியாகத் தகராறுகளைத் தீர்க்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் சமரசத்துக்குப் போனோம். அங்கே நாங்கள் வைத்த வாதம் இரண்டுதான். ஒன்று, வாடிக்கையாளருடைய மின்னஞ்சல் என்று அவர்கள் பதிந்தது அவர்கள் ஆளே உருவாக்கி வைத்திருந்த முகவரி, வாங்கி விற்றதற்குத் தரகர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட் ஒன்றுகூட அப்பச்சி கைக்கு வரவில்லை. இரண்டு, அந்த விசிட்டிங் கார்டு. செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்யாமல் பங்குத் திட்டங்களை விற்கிறவர்கள் ‘வெல்த் அட்வைசர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. தங்க எழுத்துக் கார்டைப் படம் எடுத்து இணைத்தோம். அதற்கப்புறம் அவர்கள் பேச்சில் சுருதி இறங்கியது. கடைசியில் தரகில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள். விற்ற பங்குகள் விற்றதுதான். மத்தியஸ்தம் வரைக்கும் இழுக்க அப்பச்சிக்குத் தெம்பு இல்லை, எனக்கும் அவரை இழுத்துக்கொண்டு போக மனசு இல்லை.

இதே ஆளோ, இதே மாதிரி வேறு ஆளோ உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். கார்டில் ஐஎன்ஏ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் முதலீட்டு ஆலோசகருக்கு உரியது. ஆய்வாளர் என்றால் ஐஎன்எச், தரகர் என்றால் ஐஎன்இசட். எண்ணைச் சொன்னால் மட்டும் நம்பிவிடாமல் செபி தளத்தில் போட்டு, பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஆலோசகர் ஃபீஸ் வாங்குவார். அது நல்லதுதான். அவர் எதில் சம்பாதிக்கிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களின் டீமேட் கணக்கில் யாருடைய கைபேசி எண், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வாங்கினால் விற்றால் அன்று மாலை பங்குச்சந்தையிலிருந்தே நேராக மெசேஜ் வரும். ஆங்கிலத்தில் வருவதால் பலர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். டீமேட் பங்குகளைக் காத்துவைக்கும் சிடிஎஸ்எல், என்எஸ்டிஎல் நிறுவனங்கள் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் போன வருடம் எந்தக் கம்பெனியில் எத்தனை பங்கு, இந்த வருடம் எத்தனை என்று ஒப்பிட்டாலே நடந்தது தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு நிதியாண்டு முழுவதற்குமான லெட்ஜரை எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையில் கேட்டால் “நாளைக்கு வாங்கண்ணே” என்பார்கள். செபியின் இலவச உதவி எண் 1800 266 7575.

அப்பச்சியின் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். மிச்சம் இருக்கும் பழைய பங்குகளை விற்கவில்லை, இப்போது டிவிடெண்டு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வருகிறது. இந்த வருடம் ஓடு மாற்றுகிற செலவை பங்காளிகள் நாலு பேரும் பிரித்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. சிங்கப்பூர்க்காரர் இன்னும் பணம் அனுப்பவில்லை.