மணிக்கு ஏற்ற வீடு எது? நான்கு இடங்கள், ஓர் அலசல்

மணி என்கிற தெருநாய்க்கு மூன்று வயது, 14 கிலோ. ஜி.எஸ்.டி. சாலையில் ஏதோ ஒரு வண்டி ஏற்றிவிட்டுப் போனதில் நடுமுதுகு முறிந்தது. பின்னங்கால் விரல்களை மருத்துவர் இறுக்கிப் பிடித்துப் பார்த்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வலியே தெரியலைன்னா நடக்கிறது கஷ்டம்தான்" என்றார். முன்பாதி மட்டும் அச்சு அசல் தெருநாய். காக்கையைக் கண்டால் குலைக்கும், பொறை பிஸ்கட்டுக்கு உயிரை விடும்.

ஏழு மாதம் என்னிடம் இருந்தான். வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள். தத்துக்கு நான்கு இடங்கள் கூடிவந்தன: சோழிங்கநல்லூரில் ஐந்தாவது மாடியில் ஓர் ஐ.டி. தம்பதி, மதுராந்தகம் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவர், நகருக்கு வெளியே ஒரு காப்பகம், குரோம்பேட்டையில் கீழ் போர்ஷனில் குடியிருக்கும் ஒரு தையல்கார அக்கா.

யாரிடம் சொன்னாலும் தோட்டத்துக்குத்தான் ஓட்டு. "பாவம், காத்தாட இருக்கட்டுமே." இந்தப் 'பாவம்' போல மணிக்கு ஆபத்தானது வேறில்லை. உணர்ச்சியில்லாத காலைச் சரளை மண்ணில் இழுத்துக்கொண்டு போகிறவனுக்குத் தோல் கிழிவது தெரியாது. காயத்தில் ஈ உட்கார்ந்தால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும். பார்த்து டாபிக்யூர் (புண்ணுக்கு அடிக்கும் மருந்து) அடிக்க ஆள் வேண்டும். அங்கே இருப்பது ஒரு காவலாளி, அவருக்குப் பம்புசெட், மாடு, தென்னை என்று ஆயிரம் வேலை. மூன்று கால் நாயாக இருந்திருந்தால் அன்றைக்கே அந்தத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

காற்றையும் மண்ணையும் விட முக்கியமானது மூத்திரப்பை. மணியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை அடிவயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தி எடுத்துவிட வேண்டும். அடி நடுமுதுகில் பட்டிருந்தால் பையின் வாய் இறுகிக்கிடக்கும், அழுத்துவது கஷ்டம். இடுப்புக்குக் கீழே பட்ட நாய்களுக்குத் தளர்ந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மணி முதல் ரகம். தோட்டத்துக் காவலாளி அவனை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "அதான் தானா போவுதே மேடம்" என்றார். பலரும் ஏமாறும் இடம் இது. பை நிரம்பி வழிவதுதான் அப்படிச் சொட்டுகிறது. உள்ளே தேங்கிக் கிடப்பதில் கிருமி சேரும், பிறகு சிறுநீரகத்துக்குப் போகும்.

அதனால் நான்கு பேரையும் ஒரே கேள்விதான் கேட்டேன்: காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, ராத்திரி படுக்கும் முன். இந்த நான்கு நேரமும் யார் வீட்டில் இருப்பீர்கள்?

ஐ.டி. தம்பதியை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். கேட்பதற்கு முன்பே, பின்பாதியைத் தாங்கும் சக்கரவண்டிக்கு அளவெடுத்தார்கள். வீட்டில் வழவழப்பான டைல்ஸ். முன்னங்கால் வழுக்காமலிருக்க யோகா பாய் விரித்தார்கள். குடியிருப்போர் சங்கம் முறைத்தது. ஆனால் நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் கூட்டிப்போவதையோ சங்கம் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கையே இருக்கிறது, அதை நீட்டினால் அடங்கிவிடுவார்கள். கணவருக்கோ கை அப்படி வாகு, முதல் தடவையிலேயே சரியாக அழுத்தி எடுத்தார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் இருவருமே எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழரை. பதினொரு மணி நேரம். "டயப்பர் போட்டுடலாம்" என்றார்கள். டயப்பர் தரையைத்தான் காப்பாற்றும், பையைக் காலி செய்யாது. கண் தெரியாத நாய்க்கு இவர்களை விட நல்ல வீடு கிடைக்காது. சோபாவை இடம் மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

காப்பகத்தில் இந்தக் கவலை இல்லை. அழுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர் வருகிறார். இருந்தும் ஓர் ஆளுக்கு எத்தனை நாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார் பொறுப்பாளர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. 2023 கருத்தடை விதிகளின்படி தெருநாயை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும், காப்பகத்தில் அதன் இடம் காலியாகும். மணி போன்றவனை எங்கே விடுவது? அவன் பத்து வருஷம் இருந்தால் அந்த இடம் பத்து வருஷம் அடைபடும். போக்கிடம் இல்லாத நாய்க்கென்று அதை விட்டுவைப்பதே நியாயமாகப் பட்டது.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்றும் ஒருவர் சொன்னார். கனடாவில் தெரிந்தவர் இருக்கிறாராம். 2022 செப்டம்பர் 28 முதல் வெறிநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து தத்துக்காக நாய்களைக் கொண்டுவரக் கனடா தடை விதித்திருக்கிறது, பட்டியலில் இந்தியாவும் உண்டு. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தையல்கார அக்கா வீட்டைப் பார்த்தபோது எனக்குப் பெரிதாக நம்பிக்கை வரவில்லை. வாடகை வீடு, ஒன்றரை அறை, கல்லூரியில் படிக்கிற மகன். தீபாவளிக்கு முன் ஒரு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. மருத்துவச் செலவு வந்தால் தாங்காது. மூத்திரப்பையும் மூன்றாவது முயற்சியில்தான் கைக்கு அகப்பட்டது. "சுருக்குப்பை மாதிரி இருக்குதும்மா" என்றார். ஆனால் அந்த நான்கு பேரில் பதில் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்: "ராத்திரி கடைசியா எத்தனை மணிக்கு எடுக்கணும்? நான் பன்னெண்டு வரைக்கும் மெஷின்லதான் இருப்பேன்." நாள் முழுக்க வீட்டில் இருக்கிற ஆள். தரையோ பழைய சிவப்பு ஆக்சைடு, கால் உராயாது.

கடைசியில் மணி அக்காவிடமே போனான். வீட்டு உரிமையாளரிடம் சம்மதம் எழுதி வாங்கினோம். மருந்துச் செலவையும் சக்கரவண்டியையும் ஐ.டி. தம்பதி ஏற்றுக்கொண்டார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறார்கள். வண்டியில் அவனை ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் விடுவதில்லை. அக்காவுக்குத் துணையாக இருக்கிற மகன் வேலைக்கு வெளியூர் போனால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

முதலில் பதினைந்து நாள் வெள்ளோட்டம் என்றுதான் பேச்சு. இரண்டாம் வாரம் போனபோது மணியின் இடுப்புக்குக் கீழே கறுப்பாக ஏதோ மாட்டியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த இழுபை (தரையில் இழுபடும்போது தோல் கிழியாமலிருக்கப் பின்பாதியில் மாட்டும் பை) இடுப்பில் உராய்ந்ததாம். பழைய குடைத்துணியை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து அக்காவே ஒன்று தைத்துவிட்டார். என்னிடம் வரும் மற்ற நாய்களின் இடுப்பளவையும் இப்போது அவருக்குத்தான் அனுப்புகிறேன்.