படகுக் குழாய்க்கு வெல்டிங்கா, பிளேஞ்சா?

வாழைச்சேனையில் நிற்கும் மச்சானின் பலநாள் படகுக்கு இந்த வாடைக் காற்றுக் காலத்தில்தான் கடல்தண்ணீர்க் குழாய்களை மாற்றினோம். குழாய்த் துண்டுகளை இணைக்க வெல்டிங், மரை வெட்டிப் பூட்டுவது, றப்பர் கப்ளிங் (றப்பர் குழாய் இணைப்பு), பிளேஞ்ச் (குழாய் நுனிகளில் தட்டு வைத்து போல்ட்டால் பூட்டுவது) எல்லாம் பேசிப் பார்த்து, கடைசியில் பிளேஞ்ச் போட்டோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை.

கசியாமல் இருக்க வெல்டிங்கை மிஞ்ச எதுவுமில்லை, பாரமும் குறைவு. ஆனால் இரும்புக் கப்பல் வேறு, நம்முடைய பைபர் படகு வேறு. டீசல் தாங்கிக்குப் பக்கத்தில், எண்ணெய் ஊறிய அடித்தட்டில் தீப்பொறி பறக்க வேலை செய்ய நல்ல வெல்டிங் பாஸ் (மேசன்போல வேலை தெரிந்த ஆள்) யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

மரை வெட்டினால் குழாய்ச் சுவர் மெலியும், உப்பு முதலில் அங்கேதான் தின்னும். வீட்டுக் கிணற்று மோட்டாருக்குச் சரி.

பிளேஞ்சுக்கு நான் வாக்களித்தது கழற்றும் வசதிக்காக. கடல்தண்ணீர்க் குழாயில் சிப்பி பிடிக்கும், வளைவுகளை மண் அரிக்கும். துறைமுக வாயிலில் மண் சேரும் ஒலுவில் பக்கத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம். வளைவு ஓட்டையானால் போல்ட்டுகளை நீக்கி அந்தத் துண்டை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகலாம், நெருப்பு வேலை படகுக்கு வெளியே முடிந்துவிடும்.

அப்புறம் கல்வனைஸ் பூச்சு, அதாவது இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் நாகப் (துத்தநாகம்) பூச்சு. நாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும். இரும்பு உருக ஏறக்குறைய 1500 வேண்டும். பூட்டிய இடத்திலேயே வெல்ட் செய்தால் மூட்டின் உள்பக்கப் பூச்சு எரிந்துபோகும், உள்ளே கைவிட்டுத் திரும்பப் பூசவும் முடியாது. அந்தப் புகையை இழுத்தால் இரவில் காய்ச்சலும் வரும். பிளேஞ்ச் என்றால் வெல்டிங்கை முதலில் முடித்து, பிறகு முழுத் துண்டையும் நாகத்தில் முக்கி எடுக்கலாம். அதற்குக் கொழும்புக்கு அனுப்பினோம், லொறிக் கூலி நோகத்தான் செய்தது.

கவனிக்க வேண்டியதும் உண்டு. இரண்டு பிளேஞ்ச் முகமும் நேராக உட்காராவிட்டால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. அந்த இழுவை அடுத்த இணைப்பைப் பிடிக்கும். எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முதல் பயணம் முடிந்து வந்ததும் இன்னொரு தடவை போல்ட்டுகளுக்குச் சாவி போட்டு இறுக்கிப் பாருங்கள்.

றப்பர் கப்ளிங் அதிர்வைத் தாங்கும், சின்னக் கோணலையும் மன்னிக்கும். இஞ்சினை ஒட்டிய இடத்தில் நாங்களும் ஒரு துண்டு ஹோஸை இரட்டைக் கிளிப்போடு விட்டிருக்கிறோம். அது எத்தனை வருசம் போகும் என்று இப்போதே சொல்லமாட்டேன், இன்னும் ஒரு சோளகக் காற்றுக் காலம்கூடப் பார்க்கவில்லை. டீசல் குழாய்க்கு மட்டும் சாதாரண றப்பரைப் போடாதீர்கள்: தீப்பிடித்தால் அது எரிந்து அறுந்து, எண்ணெயை நெருப்புக்குள்ளேயே ஊற்றும்.