மரமா, அலுமினியமா? வீட்டில் கட்டும் கிளைடர் இரண்டு

ஒருவர் மட்டும் அமரும் கிளைடரை, அதாவது என்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானத்தை, வீட்டிலேயே கட்டலாம் என்று இறங்கி, இரண்டு அமெரிக்க வடிவங்களில் வந்து நின்றேன். ஒன்று ஜிம் மாபின், ஐர்வ் கல்வர் இருவரின் உட்ஸ்டாக். 1978-இல் பறந்தது, மரச்சட்டம், மேலே துணி. மற்றது ஜான் மோனெட்டின் மோனராய்: அலுமினிய இறக்கை, வி வடிவ வால்.

எண்ணை மட்டும் பார்த்தால் மோனராய்தான். 11 மீட்டர் இறக்கையிலேயே சறுக்கு விகிதம் 28, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 28 மீட்டர் முன்னே போகும். உட்ஸ்டாக்குக்குக் கிட்டத்தட்ட 12 மீட்டர் இருந்தும் 24தான். ஆனால் அந்த 24 எங்கள் பக்கத்துக்குத் தாராளம். காற்று அசையாத நேரத்தில் காரைக்குடிக்கு மேல் 1000 மீட்டரிலிருந்து கிளம்பினால், சாலை வழியே 18 கிலோமீட்டர் தள்ளியுள்ள தேவகோட்டைக்குப் போன பிறகும் குறைந்தது 250 மீட்டர் உயரம் மிச்சம். கருவேலங்காட்டுப் பக்கம் இறங்க நேர்ந்தால் மட்டும் மோனராயின் தூக்கிய வால் புதரில் மாட்டாது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது பசை. மோனராயின் இறக்கைத் தகடு உள்சட்டத்தோடு எபாக்ஸி என்ற பிசின் பசையால் ஒட்டப்படுவது. தகட்டில் விரல் எண்ணெய் பட்டிருந்தாலே பிடிப்பு போச்சு. மூடிய பிறகு உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. மாதிரித் துண்டை உரித்துச் சோதிக்கலாம், சரி. அதைப் பார்த்துப் பதம் சொல்லும் ஆள் எனக்கு இங்கே கிடைக்கவில்லை.

மரத்துக்கு ஆள் இருக்கிறார். கதவு நிலை இழைத்தே வளர்ந்த ஆசாரி அவர். "பர்மாத் தேக்கு இருக்கே தம்பி, அதுலயே செஞ்சிரலாமே" என்றார். வேண்டாம் என்றேன். தேக்கு கன மீட்டருக்கு சுமார் 650 கிலோ. உட்ஸ்டாக் கேட்கும் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம் 530 சொச்சம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் வேறு, ஒட்டு சரியாகப் பிடிக்காது. ஃபர் மரத்தை வெளியிலிருந்து வரவழைத்தோம்.

தடிமன் ஒன்றென்றால் சரிவின் நீளம் பன்னிரண்டு என்ற கணக்கில் ஆசாரி இரண்டு துண்டை இழைத்து ஒட்டி, மறுநாள் பட்டறைப் பிடியில் வைத்து உடைத்தார். பசைக்கோடு அப்படியே இருக்க, பக்கத்து மரம் நார் நாராகக் கிழிந்தது. துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரம்தான் போயிருக்கு, ஒட்டு நிக்குது" என்றார். அரை இறக்கை 6 மீட்டர். அதைக் கிடத்த எங்கள் வீட்டுப் பட்டாலையை (கூடத்தை) ஒழித்துக்கொண்டிருக்கிறோம்.