தெமோதரையா, கடற்கரைப் பாதையா, களனிவெளியா? கண்காட்சி ரயிலுக்கு மூன்று வழி

எட்டுக்கு நாலு அடிப் பலகை எங்கள் ஃபிளாட்டின் லிஃப்டுக்குள் போகாது. இதைக் கண்டுபிடித்தது மாதிரி ரயில் கண்காட்சிக்கு முதல் நாள் இரவு, வெள்ளவத்தையில் ஒரு நாலாம் மாடியில். மேலே ஏற்றும்போது அது வெறும் பிளைவூட். சாய்த்து, கொஞ்சம் வளைத்து, படியாலேயே கொண்டுபோய்விட்டோம். இறக்கும்போது அதன்மேல் ஒரு மலை இருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மலை கைப்பிடிக் கம்பியில் இடித்து, தெமோதரைச் சுரங்கத்தின் வாய் உடைந்து கீழே விழுந்தது. "அண்ணை, மலையைக் கழட்டி வைப்பமே?" என்று கேட்ட தம்பிக்கு ஏ.எல். சோதனைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. எங்கள் ஆறு பேரில் யோசித்துப் பேசும் ஒரே ஆள் அவன்தான்.

அந்த இரவுக்குப் பிறகு, அடுத்த கண்காட்சிக்கு எதைக் கட்டுவது என்று ஆறு மாதமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன. ஒன்று, அதே மலைநாட்டுப் பலகையைப் பெரிய அளவில் திருத்திக் கட்டுவது. இரண்டாவது, கொழும்புக் கடற்கரைப் பாதையைச் சின்ன அளவில், துண்டு துண்டுப் பெட்டிகளாகச் செய்வது. மூன்றாவது, பழைய களனிவெளிக் குறும்பாதையை (தண்டவாள இடைவெளி ஒடுங்கிய பாதை) ஒரு தட்டில் அடக்குவது.

அளவு பற்றிய சண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை வேறு ஊர்க்காரர்கள் கொள்கைச் சண்டையாகப் போடுவார்கள். எங்களுக்கு அது சொந்தக்காரர் எங்கே குடியேறினார்கள் என்ற கணக்கு. லண்டனில் மச்சான் இருப்பவரிடம் டபிள் ஓ சாமான் இருக்கிறது, ஏனென்றால் பிரித்தானியாவில் அதுதான் ஓடுகிறது: நிஜ ரயிலின் 76இல் ஒரு பங்கு. டொரன்டோவில் அக்கா இருப்பவரிடம் எச்.ஓ: 87இல் ஒரு பங்கு. ஜப்பானில் சில வருடம் வேலை செய்துவிட்டு வந்தவரிடம் ஒரு சூட்கேஸ் நிறைய 'என்' (N) அளவுச் சாமான்: பொதுவாக 160இல் ஒரு பங்கு. அவர் தண்டவாளத்தை உள்ளாடைக்குள் சுற்றிக் கொண்டுவந்த கதையை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். ஆக, எந்த அளவு நல்லது என்று கேட்டால் யாருடைய சொந்தம் அடுத்து விடுமுறைக்கு வருகிறது என்பதுதான் பதில். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் ஒரு சின்ன மோட்டருக்கும் விமான நிலையத்தில்தான் காத்திருந்தோம்.

சரி, கணக்குக்கு வருவோம். நம் நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1676 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு, 1435 மில்லிமீற்றர் பாதைக்குச் செய்தது. டபிள் ஓ அளவில் நம் பாதை 22 மில்லிமீற்றர் அகலம் இருக்கவேண்டும். கையில் உள்ளது 16.5. கால்வாசி குறைவு. நேர் எதிரே நின்று பார்த்தால், நம் எஞ்சின் ஒடுங்கிய காலில் நிற்கும் கொழுத்த வாத்து மாதிரி இருக்கும். எச்.ஓவிலும் அதே 16.5 தண்டவாளம்தான், ஆனால் தேவை 19 சொச்சம். குறைவு 14 வீதம். 'என்' அளவில் 10.5 வேண்டிய இடத்தில் 9 இருக்கிறது. அதுவும் 14 வீதம்தான், ஆனாலும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றர் என்பதால் கண்ணில் குத்தாது. லண்டனில் மச்சான் இருப்பவர் இதைக் கேட்டதும், "பக்கவாட்டில பாருங்கோ, ஏன் முன்னால நிண்டு பாக்கிறியள்?" என்றார். அந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கண்காட்சிக்கு வரும் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் பக்கவாட்டில்தான் பார்க்கிறார்கள்.

மலைநாட்டுப் பலகையை விடமாட்டேன் என்று நிற்பவர்களின் வாதம் லேசானதல்ல. தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியேறி, குன்றைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. மாதிரி ரயில்காரர்கள் இடத்தை மிச்சம்பிடிக்கக் கற்பனையில் போடும் வளையத்தை, ரயில்வே எஞ்சினியர்கள் நிஜமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, எல்லப் பக்கத்தில் ஒன்பது வளைவுப் பாலம். சிறுவர்கள் சுரங்கத்துக்கு முன்னால்தான் கூடுவார்கள். ரயில் உள்ளே போய் மறைந்து, வேறொரு இடத்தில் வெளியே வரும்போது அவர்கள் போடும் கூச்சல் வேறு எந்தக் காட்சிக்கும் கிடைத்ததில்லை. பெரிய அளவின் பாரம், சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டும் சத்தம், தேயிலைத் தூளைக் காயவைத்து ஒட்டிய மலைச்சரிவு (குடித்து முடித்த சக்கை; நல்ல தூளை யாரும் பசையில் கொட்டுவதில்லை), எல்லாம் சேர்ந்து ஒரு மயக்கத்தைத் தரும்.

ஆனால் மலைப்பாதையின் வளைவைக் கணக்குப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும். மேல்நாட்டில் மிக இறுக்கமான வளைவு 5 செயின் ஆரை, அதாவது சுமார் 100 மீற்றர். ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 அடி ஓடினால் ஓரடி ஏறும். அந்த வளைவை எச்.ஓவில் உள்ளபடி போட்டால் ஆரை 1.15 மீற்றருக்கு மேல். முழு வளையத்துக்கு 2.3 மீற்றர் விட்டம் வேண்டும். டபிள் ஓவில் 2.6 மீற்றர். எங்கள் பலகையின் அகலமோ 1.22. ஆகவே வளைவைப் பாதிக்கும் கீழே இறுக்கினோம். இறுக்கினால் வளையத்தின் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால் ஏற்றம் செங்குத்தாகிறது. ரயிலுக்கு மேல் ரயில் போக மேல் தண்டவாளத்துக்கும் கீழ்த் தண்டவாளத்துக்கும் இடையே 75 மில்லிமீற்றராவது வேண்டும். 44க்கு 1 என்ற ஏற்றத்தில் அந்த உயரத்துக்கு மட்டும் 3.3 மீற்றர் ஓட்டம் போய்விடும், ஸ்டேஷனுக்கான சமதரை அதற்கு வெளியே. போன முறை நாலு பெட்டிக்கு மேல் எஞ்சின் இழுக்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் இரண்டு பெட்டி. கடைசியில் எஞ்சின் தனியாகவே மலை ஏறிக்கொண்டிருந்தது, ஏதோ யாத்திரை போவது போல.

சுவாரசியம் என்னவென்றால், அதே 5 செயின் வளைவு 'என்' அளவில் 1.26 மீற்றர் விட்டத்துக்குள் வந்துவிடும். நாலடிப் பலகைக்கு ஒன்றரை அங்குலம்தான் உதைக்கிறது. தெமோதரை வேண்டுமென்றால் அதைச் சின்ன அளவில் செய்யுங்கள் என்று சொன்னேன். பெரிய அளவுக்காரர்கள் அன்று தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போனார்கள்.

இனி என்னுடைய கட்சி: கடற்கரைப் பாதை. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை ரயில் கடலை ஒட்டி ஓடுகிறது, இரட்டைப் பாதை, பெரும்பாலும் நேர். இதற்கென்றே செய்ததுபோல 'என்' அளவில் டீ-ட்ராக் என்ற முறை இருக்கிறது. 308 மில்லிமீற்றர் நீளப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் காட்டோ கொம்பனியின் இரட்டைத் தண்டவாளம், இரு பக்கமும் ஒரு மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டு. தண்டவாளத்தின் கொளுவியே ஒரு பெட்டியை மற்றதோடு பிடித்துவிடும். ஆணி, கிளாம்ப் ஒன்றும் இல்லை. கீழே நாலு மூலையிலும் போல்ட். மண்டப மேசைகள் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் ஏறி இறங்கி நிற்கும் நம் ஊரில் அந்தப் போல்ட்டைக் கண்டுபிடித்தவருக்கு மாலை போடவேண்டும். இரண்டு ஆறடி மேசையை ஒட்டி வைத்தால் பக்கத்துக்கு ஒன்பது பெட்டி, மூலைக்கு ஒன்றாக நாலு; வட்டம் முழுமை. ஒரு ரயில் ஓயாமல் சுற்றும். ஓட்டுபவர் அப்பால் போய் ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு வரலாம்.

பெட்டிகளை அப்பிள் பெட்டிக்கு மூன்று வீதம் அடுக்கி ஒரு த்ரீவீலரில் ஏற்றலாம். லிஃப்ட், படி, கைப்பிடிக் கம்பி, ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருவர் வராவிட்டால் அவருடைய பெட்டி மட்டும்தான் குறையும், ரயில் ஓடும். போன முறை மலையைக் கட்டியவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் எங்களுக்குக் கண்காட்சியே இல்லை. காட்சியும் தானாகவே அமைகிறது: முன்னால் கடல், பாறை, தண்டவாளம், பின்னால் மரைன் டிரைவ், மாடி வீடுகள், பல்கனியில் காயும் உடுப்பு. பார்வையாளர் நிற்கும் இடம் கடல். ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு உள்ளபடி இருபது பெட்டி வரும் என்பதால், ஒரு ஸ்டேஷனைச் சுருக்காமல், தளமேடை முழு நீளத்தில் செய்யலாம். பெரிய அளவில் அது நினைத்தும் பார்க்க முடியாத ஆடம்பரம். ரயில் நீளமும் அப்படித்தான். 20 மீற்றர் ரயில் பெட்டி என்று வைத்துக்கொண்டால் எச்.ஓவில் அது 23 சென்டிமீற்றர், 'என்' அளவில் பன்னிரண்டரை. பத்துப் பெட்டி கோத்து, பின்னேர ஒஃபிஸ் ரயிலை ஒஃபிஸ் ரயிலாகவே காட்டலாம். கதவில் தொங்கும் ஆட்களை ஒட்டுவதற்கு மட்டும் சாமணமும் பூதக்கண்ணாடியும் தேவை, எங்கள் வயதுக்கு.

குறைகளை மறைக்கவில்லை. சின்ன எஞ்சினுக்குப் பாரம் இல்லை. தண்டவாளத்தில் கொஞ்சம் தூசு பட்டாலும் திக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பித்தளைத் தண்டவாளம் ஒரு மழைக்காலத்துக்குள் கறுத்துவிடும், ஆகவே நிக்கல் சில்வர்தான் வாங்கவேண்டும் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், நாகம்). அப்படியும் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை ஸ்பிரிட் துணியால் துடைக்காமல் தீராது. கடலை டிஷூத்தாளைச் சுருக்கிப் பைண்டர் கம்மால் ஒட்டிச் செய்தோம், நல்லாய் வந்தது. மழை தொடங்கியதும் கம் மறுபடி வெள்ளையாகி, இந்து சமுத்திரம் கஞ்சியாகிவிட்டது. வார்னிஷ் மேலே போடாதது எங்கள் பிழை. பாறைக்குக் கட்டட வேலை நடந்த இடத்துச் சல்லியை இடித்துப் போட்டோம், அது மட்டும் அசையவில்லை. ரிஜிஃபோமில் செய்த மாடிவீடுகளை மண்டபத்துப் பெடஸ்டல் ஃபேன் ஒன்று வரிசையாகச் சாய்த்த கதையை இங்கே விரிக்கவேண்டாம்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாத் தெரிவுக்கும் அது பொது. டிஜிட்டல் கட்டுப்பாடு அருமைதான்: ஒரே பாதையில் இரண்டு எஞ்சினை வேறு வேறு வேகத்தில் ஓட்டலாம், ஹோர்ன் அடிக்கலாம். எங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். பழைய 12 வோல்ட் நேர் மின்னோட்டம் என்றால், கரண்ட் போனாலும் ஒரு மோட்டர் சைக்கிள் பற்றரியும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றும் போதும், ரயில் நிற்காது. 2022இன் மின்வெட்டுக் காலத்தில் எங்கள் வீட்டில் அசைந்த ஒரே சாமான் அதுதான்.

மூன்றாவது தெரிவு, களனிவெளி, கூட்டத்தில் பகிடியாகத்தான் தொடங்கியது. 1990களில் அகலப் பாதையாக மாறும்வரை அது 762 மில்லிமீற்றர் குறும்பாதை. யாரோ கல்குலேட்டரைத் தட்டினார்: 87ஆல் வகுத்தால் 8.76. 'என்' அளவுத் தண்டவாளம் 9. இடைவெளி கால் மில்லிமீற்றர்! இவ்வளவு நேரம் 14 வீதம், 25 வீதம் என்று அடித்துக்கொண்ட எங்களுக்கு முன்னால், நம் நாட்டுப் பாதை ஒன்று கடைத் தண்டவாளத்தில் அப்படியே உட்கார்ந்தது. டொரன்டோ அக்காவின் எச்.ஓ ஆட்களும் வீடுகளும் மேலே, ஜப்பான் சூட்கேஸின் சக்கரமும் மோட்டரும் கீழே. இரண்டு கட்சியும் முதன்முறையாக ஒரே பக்கம். லண்டன்காரர் மட்டும் 76ஆல் வகுத்து 10 வருகிறது என்று கண்டு, கல்குலேட்டரைத் திருப்பி வைத்துவிட்டார்.

காட்சிக்கும் பஞ்சமில்லை. அந்தப் பாதை பொரளைக் கோல்ஃப் மைதானத்தின் நடுவே போகிறது. புல்வெளி, மட்டையோடு காத்து நிற்கும் நாலு பேர், குறுக்கே ஒரு குட்டி ரயில்: பார்த்தவுடன் சிரிப்பு வரும், விளக்கம் தேவையில்லை. நாலடித் தட்டில் அடங்கும். எஞ்சினும் பெட்டியும் ஒன்றான சென்டினல் நீராவி ரயில்காரை ஓடவிட்டால் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலையும் மிச்சம். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிது: ரயில் வந்து, நின்று, திரும்பிப் போகிறது. கண்காட்சிச் சனம் அதற்குக் காத்திராது. ஒரு தட்டுக்கு முன்னால் சராசரிக் குடும்பம் நிற்பது முப்பது விநாடி என்பது என் கண்ணளவு. அந்த முப்பது விநாடியில் எதுவும் அசையாவிட்டால் பிள்ளை அம்மாவை ஐஸ்கிறீம் பக்கம் இழுத்துவிடும். பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வழியால் பள்ளிக்கூடம் போன வயதானவர்கள் வந்தால் கதையை அவர்களே சொல்வார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்கலாம்.

என் வாக்கு இது: நடு மண்டபத்தில் கடற்கரைப் பாதை, ஓயாமல் சுற்றிக்கொண்டு. நுழைவாசலுக்குப் பக்கத்தில், கதிரை ஒன்று போட்டு, களனிவெளித் தட்டு. மலைநாட்டை விட்டுவிடுவோம், விட மனமில்லை என்றால் வளையத்தை 'என்' அளவில், சொந்தப் பலகையில், இரண்டாக மடியும்படி செய்வோம், அதுவும் இந்த முறை அல்ல. நாலு பேர் கை தூக்கினார்கள். லண்டன்காரர் தூக்கவில்லை, ஆனால் மரைன் டிரைவில் இரண்டு மாடிவீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 76 அளவில் கட்டினால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

உடைந்த சுரங்க வாயோடு தெமோதரைப் பலகை இப்போது ஒருவர் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிறது. புதிய பெட்டிகளில் முன்பக்கத்து ஒன்பதில் ஆறு முடிந்துவிட்டன. மிச்சம் மூன்றும் வெள்ளவத்தை ஸ்டேஷன். அதைச் செய்ய ஆளில்லாமல் அல்ல. ஆறு பேரும் தாங்கள்தான் செய்யவேண்டும் என்று நிற்கிறார்கள், ஆறு பேரும் தங்கள் தங்கள் ஃபிளாட் பல்கனி அந்தப் பெட்டியில் தெரியவேண்டும் என்கிறார்கள்.